பழைய எண் 17, புதிய எண் 34

மே 13, 2020. புதன்

இன்று காலை பதினொன்றேகால் மணிக்கு நகராட்சி ஆட்கள் வந்து என் கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கடையை நான் இன்றைக்குத் திறக்கவே இல்லை. பூட்டிய கடைக்கு இன்னொரு பூட்டு.

வீட்டில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைச் செருப்புக்காரர் போன் செய்து, "அக்கா, உங்க ஷட்டர்ல செவப்பு அரக்கு வைக்கிறாக, ஓடியாங்க" என்றார். அரிவாள்மணையை மடக்காமல்கூடப் போட்டுவிட்டு ஓடினேன். பாதி வழியில் மாஸ்க் ஞாபகம் வந்து திரும்பி ஓடினேன். அதற்கும் அபராதம் போடுவார்கள்.

ஆவாரங்குளம் பஜாரில் எங்கள் கட்டடம் ஒன்று, ஷட்டர் இரண்டு, நடுவில் ஒரு செங்கல் சுவர். இந்தப் பக்கம் நான்: சாக்கு, கயிறு, தார்ப்பாய். அந்தப் பக்கம் என் தம்பி தனுஷ்கோடி: பிளாஸ்டிக் வாளி, குடம், நாற்காலி. நாங்கள் பேசிப் பதினாறு மாதம் ஆகிறது.

பஜாரில் கதவு எண்ணை மாற்றி எத்தனையோ காலமாயிற்று. இருந்தும் எல்லாப் பலகையிலும் பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கும். எங்களுக்குப் பழையது 17, புதியது 34. பங்கு பிரித்தபோது ஒன்று விடாமல் பிரித்தோம். தராசு அவனுக்கு, மேஜை எனக்கு. மின்விசிறி எனக்கு, ஏணி அவனுக்கு. கடைசியில் எண்ணையும் பிரித்தோம். அவன் பலகையில் 17 மட்டும். என் பலகையில் 34 மட்டும். ராசியான எண் என்று பழையதை அவன்தான் கேட்டு வாங்கினான். அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

இந்த ஊரடங்கில் சட்டம் எத்தனை தடவை மாறியது என்று கேட்டால் எனக்கே வரிசை தப்பும். முதலில் எல்லாம் மூடு என்றார்கள். பிறகு காலையில் கொஞ்ச நேரம். பிறகு சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள். போன வாரத்திலிருந்து ஒற்றைப்படை எண் கடைகளுக்குத் திங்கள், புதன், வெள்ளி. இரட்டைப்படைக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஆக, அவன் நாள் வேறு, என் நாள் வேறு. அதுவும் வசதிதான், முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தேன்.

சுகாதார ஆய்வாளர் ஞானசிகாமணியிடம் சொன்னேன். "சார், நான் தெறக்கவே இல்லையே. இன்னைக்கு ஒத்தப்படை நாளு."

"முப்பத்திநாலு தெறந்திருந்துச்சுக்கா."

"தெறந்திருந்தது பதினேழு."

"பதினேழுன்னு எங்க புத்தகத்துல ஒரு கட்டடமே கெடையாது. உங்க வரி ரசீதுல என்ன இருக்கு? முப்பத்திநாலு. ஒரு எண்ணுன்னா ஒரு கடை. ரெட்டைப்படைக் கடை ஒத்தப்படை நாள்ல தெறந்திருக்கு. அவ்வளவுதான்."

"ஒரு வாரமா இப்படித்தான் நடக்கு. இன்னைக்கு என்ன புதுசா?"

"புகார் வந்துச்சு. நேத்து சாயங்காலம். பதினேழாம் நம்பர்க் கடைக்காரரு அடுத்தவங்க நாள்லயும் ஷட்டரைப் பாதி தூக்கி வச்சு விக்காருன்னு ஒருத்தங்க போன் பண்ணாங்க. அதப் பாக்க வந்தா இது."

தனுஷ்கோடியின் ஷட்டரிலும் அரக்கு வைத்திருந்தார்கள். அவன் கையில் ஒரு நீல வாளியோடு தெருவில் நின்றான். வாங்க வந்த ஆள் ஓடிவிட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தான். நான் அரக்கைப் பார்த்தேன்.

ஊரில் வயிற்றெரிச்சல் பிடித்தவர்களுக்கா பஞ்சம். யார் போன் செய்தார்களோ.

வீட்டுக்கு வந்தால் நறுக்கிய மாங்காய் கறுத்திருந்தது. உப்பைப் போட்டு மூடி வைத்தேன்.

மே 14, வியாழன்

குழாயில் தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். இன்றைக்கு என் நாள்.

ஒன்பது மணிக்குச் சோலையப்பன் போன். கருவேலம்பட்டிக்காரர். அந்தப் பக்கத்து நாலு ஊர் வத்தல்காரர்களுக்கும் அவர் சொன்னதுதான். மிளகாய்ப் பழம் களத்தில் காய்கிறது. அறுபது தார்ப்பாய் கேட்டிருந்தார்.

"மொதலாளியம்மா, மேக்க கருக்கல் கட்டுது. நெதமும் சாயங்காலம் பயங்காட்டுது. வத்தல் நனைஞ்சா கறுத்துப்போகும். எப்ப வந்து ஏத்த?"

"கடையில சின்ன வேல நடக்கு. ரெண்டு நாள் பொறுங்க."

"சீல் வச்சிருக்காகளாமே."

கருவேலம்பட்டிக்கே போய்விட்டது செய்தி. "அது எண்ணுக் குழப்பம், எடுத்துருவாங்க" என்றேன்.

"செவ்வாய்க்கெழமை வரைக்கும் பாக்கேன். இல்லேன்னா மதுரைக்கு வண்டி விடணும். கோவிச்சுக்கிராதீக."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. நானாக இருந்தால் இன்றைக்கே வண்டி விட்டிருப்பேன். ஆனால் அவர் ஒரு தடவை மதுரை போனால் நாலு ஊரும் பின்னாலேயே போகும். வத்தல் காலத்தில் விற்றால்தான் எனக்கு வருஷம். பங்குனியும் சித்திரையும் ஊரடங்கில் போனது. மிச்சம் இருப்பது இந்தக் கோடை மழைக்கு முந்தின பத்து நாள். அது போனால் தார்ப்பாயை நானே போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

நகராட்சிக்குப் போனேன். உள்ளே விடக் காத்திருந்த நேரத்தில் அறிவிப்புப் பலகையைப் படித்தேன். நான் படிக்காத சுற்றறிக்கை கிடையாது. பஜாரில் பாதிப் பேர் என்னிடம்தான் கேட்பார்கள், "அக்கா, இன்னைக்கு எந்தச் சட்டம்?" என்று. ஆனால் மே 8 தேதியிட்ட இந்தக் காகிதத்தை நான் பார்க்கவில்லை. மூன்றாம் பத்தி: விவசாய விளைபொருளை உலர்த்தவும் கட்டவும் சேமிக்கவும் வேண்டிய சாமான்கள் விற்கும் கடைகளுக்கு ஒற்றை, இரட்டை கிடையாது. எல்லா நாளும் திறக்கலாம்.

மூன்று தடவை படித்தேன். சாக்கு, கயிறு, தார்ப்பாய். எனக்கென்றே எழுதினது மாதிரி இருந்தது. எட்டாம் தேதியிலிருந்து எல்லா நாளும் என் நாள்தான். நானோ, என் நாளை அவன் தின்கிறான், என் நாளை அவன் தின்கிறான் என்று கொதித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஞானசிகாமணி ஒளிக்காமல் சொன்னார். தனித்தனிக் கடை என்றால் தனித்தனி எண் வாங்க வேண்டும். மனுப் போட்டு, அளந்து, புத்தகத்தில் ஏறி வர வேண்டும். "அளக்குற ஆளு கொரோனா டூட்டில இருக்காரு. ஆடி தாண்டும்க்கா." ஒரே கடை என்றால் வரி ரசீதில் பெயர் உள்ள இருவரும் கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தால் போதும். முக்கால்வாசி விவசாயச் சாமான் என்பதால் எல்லா நாளும் திறந்துகொள்ளலாம். வாளியும் குடமும் அதோடு சேர்ந்து போகும்.

ரசீதில் இருக்கும் இரண்டு பெயர் தங்கபுஷ்பம், தனுஷ்கோடி. பங்கு பிரித்தபோது அதை மட்டும் பிரிக்க மறந்துவிட்டோம்.

மே 15, வெள்ளி

நாள் முழுக்க வீட்டில். பீரோவைத் துடைத்தேன். கிழிந்த தலையணை உறை நாலு தைத்தேன். மனம் வேலையில் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் பருப்பு மில்லில் கிழிந்த சாக்குத் தைத்தவள். தனுஷ்கோடி சைக்கிளில் குடம் கட்டி ஊர் ஊராக விற்றவன். இரண்டு பேரும் சேர்ந்து 2006இல் கடை பிடித்தோம். ஐந்து வருஷத்தில் கட்டடத்தையே வாங்கினோம். யார் தயவும் இல்லை. 2018 ஆவணியில் பிரிந்தோம். சண்டை இல்லை. என் மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, அவன் மகனுக்கும் ஆகிவிட்டது, அவரவர் வழியைப் பார்ப்போம் என்று பேசிப் பிரிந்ததுதான்.

எங்கள் பக்கம் பங்கு பிரித்தால் மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் எடுக்க வேண்டும். வைக்கிறவர் ஏமாற்றக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். எடுப்பது அடுத்தவர் என்றால் ஒரு பக்கத்தைக் கூட்டி, ஒரு பக்கத்தைக் குறைத்து வைக்க மாட்டார்கள் இல்லையா. நான் சரியாகத்தான் வைத்தேன். ஒரு பங்கு சாக்கு, கயிறு, தார்ப்பாய். மெதுவாகப் போகிற சரக்கு. இன்னொரு பங்கு வாளி, குடம், அதோடு பின்கட்டு முழுக்க அடுக்கியிருந்த பிளாஸ்டிக் டம்ளர், கேரி பேக், கல்யாண வீட்டுத் தட்டு. வைத்த இடத்தில் நிற்காமல் பறக்கும் சரக்கு.

அதெல்லாம் வருகிற ஜனவரியிலிருந்து தடை என்று ஆனியிலேயே அறிவித்துவிட்டார்கள். ஊரே படித்தது. ஊர் நம்பவில்லை. நான் நம்பினேன்.

"அக்கா, இதுக்குத் தடை வருதுங்காகளே?" என்று அவன் கேட்கத்தான் செய்தான்.

"சட்டம் வரும், போகும். நம்ம ஊர்ல எவன் மதிக்கப் போறான்?" என்றேன்.

அவன் அந்தப் பங்கை எடுத்தான். எடுத்தது அவன். நான் கையைப் பிடித்துத் திணிக்கவில்லை.

ஜனவரியில் இரண்டு வேன் நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள். அபராதம் வேறு. அன்று மத்தியானம் அவன் என் ஷட்டர் முன்னால் வந்து நின்றான். "நீ நம்புனேல்ல?" என்று கேட்டான். நான் சணல் கோணியை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்து நிமிர்ந்தபோது அவன் இல்லை. அதற்குப் பிறகு பேச்சில்லை.

வியாபாரத்தில் யாரும் யாருக்கும் ஜாதகம் பார்த்துச் சொல்வதில்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவன் என்னிடம் கேட்டது வியாபாரியாக இல்லை.

மே 16, சனி

இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. பதினாறு மாதமாகச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்ததால் கால் தானாக வளைந்தது.

அவன் மனைவி ராஜகனி கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடி, "வாங்க மதினி. வாசல்லயே நிக்கச் சொல்லுது கவர்மெண்டு. நாங்க சொல்லல" என்றாள்.

"நிக்கேன் தாயி. கால் நல்லாத்தான் இருக்கு."

மோர் கொண்டுவந்து சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போனாள். மாஸ்கை இறக்கிக் குடித்தேன். பெருங்காயம் அதே கைப்பக்குவம்.

தனுஷ்கோடி பனியனோடு வந்து நாற்காலியைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தான். நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். மூன்றாம் பத்தி, ஒரே கடை, இரண்டு கையெழுத்து. சுற்றி வளைக்கவில்லை.

"ஒரே கடைன்னு எழுதிக் குடுத்தா எனக்கு என்ன?" என்றான்.

"வாரம் ஆறு நாளும் தெறக்கலாம்."

"அப்ப என் வாளி ஓன் தார்ப்பாய் நெழல்ல பொழைக்கணும்."

"என் தார்ப்பாய் ஓன் கையெழுத்துல பொழைக்கணும். ரெண்டும் ஒண்ணுதான்."

ராஜகனி உள்ளிருந்து சொன்னாள்: "பேச்சுல மதினிய ஜெயிக்க முடியுமா? எழுதி வாங்கிக்கிடுங்க."

அவன் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "யாருக்கா போன் பண்ணிருப்பா?"

"எவனோ பொறாமைக்காரன்."

"ஆமா. பொறாமைக்காரன்." பிறகு, "திங்கக்கெழம பத்து மணிக்கு நகராட்சிக்கு வாரேன். வந்து பேசிட்டுத்தான் கையெழுத்து" என்றான்.

என்ன பேசப் போகிறான் என்று கேட்கவில்லை. டம்ளரைக் கழுவி வைக்கத் தண்ணீர் கேட்டேன். "வச்சிட்டுப் போங்க மதினி, அதெல்லாம் நாங்க கழுவிக்கிடுவோம்" என்றாள்.

திரும்பி வரும்போது நாலு சொட்டு விழுந்தது. தெருவில் நின்று மேலே பார்த்தேன். நின்றுவிட்டது.

மே 17, ஞாயிறு

ஊர் முழுக்க அடைப்பு. மாங்காய் நன்றாக ஊறியிருக்கிறது. காரம் கலந்து ஜாடியில் போட்டேன்.

போன் செய்தது நான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. பெயர் சொல்லவில்லை.

அவன் ஷட்டரைப் பாதி தூக்கி ஒரு அம்மாளுக்கு இரண்டு குடம் கொடுத்தான். அதைப் பார்த்துத்தான்.

மே 18, திங்கள்

நகராட்சி வாசலில் ஆறடிக்கு ஒரு வட்டம் சுண்ணாம்பில் போட்டிருக்கிறார்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள். எனக்கு முன் வட்டத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு வந்த ஒருவர், பின் வட்டத்தில் தனுஷ்கோடி, அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். வெயில் மண்டையைப் பிளந்தது.

அவன் கையெழுத்துப் போட்ட பிறகு தெரியவந்தால் மறுபடியும் ஏமாற்றியது போலத்தான் ஆகும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். திரும்பி நின்று மெதுவாகச் சொன்னேன்.

"என்னக்கா? கேக்கல."

மாஸ்க்குக்குள் சொன்னது ஆறடி தாண்டவில்லை. கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

"லாரி போகுது. என்னது?"

"போன் பண்ணது நான்தான்னு சொன்னேன்."

லாரி போய் முடிந்திருந்தது. எல்லா வட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறப்புச் சான்றிதழ்க்காரர் வட்டத்தை விட்டே ஒரு கால் வெளியே வைத்துவிட்டார்.

"தெரியும்" என்றான் தனுஷ்கோடி.

"எப்படித் தெரியும்?"

"பதினேழாம் நம்பர்க் கடைன்னு புகார் வந்துச்சுன்னாருல்ல அவரு. ஊர்ல எவன் அதப் பதினேழுங்கான்? வாளிக் கடைம்பான், தனுஷ்கோடி கடைம்பான். பலகையப் பாத்து எவனும் கடைக்கு வாறதில்ல. பதினேழுன்னு சொல்ற ஆளு இந்த ஊர்ல ரெண்டு பேருதான். நான் போன் பண்ணல."

"புதன்கிழமையே தெரியுமா?"

"அரக்குக் காயறதுக்குள்ள தெரியும்."

"பெறகு ஏன் சனிக்கெழம கேட்ட?"

"நீ சொல்லுதியான்னு பாத்தேன்."

அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேசினான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கையெழுத்துப் போடுதேன். ஆனா ஒரு பேச்சு. ஒரே கடைன்னா உள்ளுக்குள்ள யாருக்கு எதுன்னு திரும்பப் பங்கு வைக்கணும்ல. இந்தத் தடவ நான் வைக்கேன். நீ எடு."

"மூத்தவ நானு."

"அதான் ஒருதடவ பாத்தாச்சே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு அம்மாள், "அவரு கேக்குறது நியாயந்தானே" என்று தன் வட்டத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு நாளாக நெஞ்சில் அடைத்திருந்தது போய்விட்டதால், உண்மையைச் சொன்னால், பசித்தது.

"சரி, நீயே வை" என்றேன்.

ஞானசிகாமணி வெளியே வந்தார். "ரெண்டு பேரும் ஒரே கடைதானே? சண்டையப் பாத்தா ஒரே கடை மாதிரித்தான் இருக்கு" என்றார். கையெழுத்துப் போட்டோம். ரப்பர் முத்திரையை எடுத்தவர் கையை நிறுத்தினார்.

"ஒரு கடைன்னா உள்ள போற வழி ஒண்ணு, வெளிய வாற வழி ஒண்ணு. இப்ப அதான் ரூலு. உங்களுக்கு நடுவுல செவுரு இருக்குல்ல? இந்தப் பக்கம் வந்தவன் அந்தப் பக்கம் எப்படிப் போவான், தாண்டியா?"

"ஒடைச்சிருவோம்" என்றோம். இருவரும் ஒரே சமயத்தில் சொல்லிவிட்டோம். அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"காலையில சீல எடுத்துவிடுதேன். நாலு மணிக்கு வந்து பாப்பேன். வழி இருக்கணும்."

மே 19, செவ்வாய்

எட்டு மணிக்கு அரக்கை வெட்டினார்கள். அரக்குத் துண்டு ஒன்றை எடுத்து இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

கொத்தனார் செபஸ்தியான் வந்தார். இந்தச் சுவரைக் கட்டியதும் அவர்தான். முதல் அரை மணி நேரம் சுத்தியல் துள்ளியதே தவிர ஒரு கல் அசையவில்லை. "நான் கட்டுனது, அதான் லேசுல வர மாட்டேங்குது" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். "கட்டும்போது நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு, நல்லாக் கெட்டியாப் பூசு, கெட்டியாப் பூசுன்னு சொன்னீக. பூசினேன்."

பத்தரைக்கு ஒரு ஆள் நுழையும் அளவு ஓட்டை விழுந்தது. தூசி அடங்கியதும் அவன் பக்கம் தெரிந்தது. எங்கள் பழைய பலகை, இரண்டு எண்ணும் எழுதியது, அங்கே குடம் அடுக்கும் தட்டாகக் கிடந்தது. நல்ல பலகை, எறிய மனசில்லை என்றான். துடைத்து வெளியே மாட்டச் சொன்னேன். ஆய்வாளருக்கு ஒரே பலகை வேண்டும்.

பிறகு தனுஷ்கோடி ஓட்டையின் நடுவில் நின்று பங்கு வைத்தான். "ஒரு ஷட்டர் வாசல். ஒரு ஷட்டர் கல்லா. சாமான் வாங்கினவன் வெளிய போற எடத்துலதான் காசு குடுப்பான், ஆகவே கல்லா ஒண்ணுதான், வெளிய போற பக்கம்தான். வாசல் ஒரு பங்கு, கல்லா ஒரு பங்கு. எடு."

செபஸ்தியான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

நான் கல்லாவை எடுப்பேன் என்றுதான் தனுஷ்கோடி நினைத்திருந்தான். முகத்திலேயே தெரிந்தது. கடை பிடித்த நாளிலிருந்து காசை நான் யாரிடமும் விட்டதில்லை.

"வாசல்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "யோசிச்சுத்தான் எடுத்தியா?"

"யோசிச்சுத்தான். உள்ள வாறவன் மொதல்ல என் தார்ப்பாயத்தான் பாப்பான். ஓன் வாளிக்கு வாறதுக்குள்ள அவன் கையில பாதி நெறஞ்சிரும்."

"நீ திருந்த மாட்டே" என்றான். சிரித்தான் என்று நினைக்கிறேன். மாஸ்க் இருந்தது.

நான் சொன்ன காரணம் உண்மைதான். இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுத வேண்டியதில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சோலையப்பன் வண்டி வந்தது. வாசலில் நுழைந்து, தார்ப்பாயைப் பார்த்து, ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய், தனுஷ்கோடியிடம் பணம் கொடுத்து வெளியே வந்தார். அறுபது தார்ப்பாய். போகிற வழியில் நாலு வாளியும் எடுத்துக்கொண்டார். முதல் வியாபாரமே அவனுக்கு என்னால் ஆனது. அதைச் சொல்லிக்காட்டினேன்.

நாலு மணிக்கு ஞானசிகாமணி வந்தார். என் பக்கம் நுழைந்து அவன் பக்கம் வெளியேறினார். திரும்பவும் ஒரு தடவை அப்படியே நடந்து பார்த்தார். "ரைட்டு" என்றார். அவ்வளவுதான்.

ஐந்தரைக்கு மழை கொட்டியது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் போன் அடித்ததே கேட்கவில்லை. ராஜகனிதான் எடுத்து நீட்டினாள். சாயங்காலக் காபி கொண்டுவந்தவள் மழையில் மாட்டிக்கொண்டாள். சோலையப்பன் கத்தினார்: "மூடியாச்சு மொதலாளியம்மா. ஒரு வத்தல் நனையல."

கொத்தனாரோடு சேர்த்து நாலு பேரும் மழை விடும்வரை நின்றோம். ராஜகனி, "வாய் வார்த்த வேண்டாம். எழுதிக்கிடுங்க" என்றாள். அவளுக்கு விவரம் உண்டு. வேறு காகிதம் இல்லாததால் சீல் வைத்த நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதினோம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது செபஸ்தியான் கேட்டார். "இப்படியே விட்டா செங்கல் உதிரும். சுத்தி மரச்சட்டம் அடிக்கணும். கதவும் வேணும்னா இப்பவே சொல்லுங்க. ஊரடங்கு முடிஞ்சா அடைச்சுப் பூட்டிக்கிட வேண்டாமா?"

நான் தனுஷ்கோடியைப் பார்த்தேன். அவன் கொத்தனாரைப் பார்த்துச் சொன்னான். "சட்டம் போதும்." பிறகு என் பக்கம் திரும்பி, "சட்டம் வரும், போகும்னு சொல்லிராத. இது தேக்கு" என்றான்.

பேசி முடித்து இருவரும் கையெழுத்துப் போட்டது இது: கடை ஒன்று, எண் 34, பழைய எண் 17, பலகையில் இரண்டும் இருக்கும். வாசல் தங்கபுஷ்பம் பக்கம், கல்லா தனுஷ்கோடி பக்கம். அவரவர் சரக்கு அவரவருக்கு. புதுச் சட்டம் எது வந்தாலும் முதலில் படித்தவர் அன்றைக்கே மற்றவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். நடுச்சுவரில் வழி நாலடி அகலம், தேக்குச் சட்டம், செலவு ஆளுக்குப் பாதி. கதவு கிடையாது.